பதினோரு நாள்

கன்வென்ஷன் மூன்றாம் ராத்திரி.
மதுரையிலிருந்து வந்த பிரசங்கியார்
நித்தியம் எவ்வளவு நீளம் என்று காட்டுகிறார்.
குதிரைமொழித் தேரிக்கு ஒரு குருவி
ஆயிரம் வருஷத்துக்கு ஒருதரம் வந்து
ஒரு மணலைக் கொத்திக்கொண்டு போகிறதாம்.
தேரி தீர்ந்த அன்றைக்கும்
நரகத்தில் முதல் ராத்திரி விடிந்திருக்காதாம்.

பின்னால் யாரோ 'ஆண்டவரே' என்றார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒரே ஆடிக் காற்று
அந்தத் தேரியில் பாதியைத் தூக்கி
எங்கள் முருங்கைத் தோட்டத்தில் போட்டதை
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வந்தது ஆசீருக்காக.
என் மருமகன். போன வாரம் செவ்வாய்க்கிழமை,
முக்காணிப் பாலத்தில், லாரி.
மணியடித்து, பாட்டுப் பாடி, அடக்கம்.
கோர்ட் அவனை விட்டுப் பதினாலு வருஷம்.
விட்ட அன்றைக்கு
'மேல ஒரு கோர்ட் இருக்கு' என்று
எனக்குச் சொன்னவர்களெல்லாம்
அடக்கத்துக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

அந்தப் பதினாலு வருஷமும்
பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வரி வரும்போது
இருமுவேன்.
பக்கத்தில் நிற்கிற ரூத்தக்காள்
பையில் துழாவி மிட்டாய் நீட்டுவாள்.

ஜெபக்கனி ஹைகிரவுண்டில் கிடந்தது
பதினோரு நாள்.
கொசுவலைக்குள்ளே, வாழையிலையில்.
இரண்டாம் நாள் மாஜிஸ்திரேட் வந்தார்.
'ஸ்டவ் வெடிச்சிட்டு' என்றாள்.
அவர் செருப்புச் சத்தம் மறைந்ததும்
என்னைப் பார்த்து,
'அவியள ஒண்ணும் செஞ்சிராதிய.'
நான் ஒன்றும் செய்யவில்லை ஆண்டவரே.
செய்கிற வேலையை
உம்மிடம் விட்டிருந்தேன்.

தண்ணி, தண்ணி என்பாள்.
பஞ்சில் நனைத்து உதட்டில் வையுங்க,
அதுக்கு மேல கூடாது என்பாள் நர்ஸ்.
ஒன்பதாம் நாள் குளிர் வந்தது.
வெந்த பிள்ளைக்குக் குளிருமா என்று
வார்டு வார்டாய்ப் போய்க் கேட்டேன்.

மேடையில் இப்போது
தீக்குள்ளிருந்து அந்தப் பணக்காரன்
ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான்.
பிரசங்கியார் மைக்குக்கு மேலே
விரலை நீட்டிக் காட்டுகிறார்.
ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் விரலைப் பார்த்தேன்.
எவ்வளவு பஞ்சு, எவ்வளவு ஈரம்,
எத்தனை நிமிஷத்தில் காயும்,
எனக்குத் தெரியும்.

இன்றைக்கு அவனுக்கு ஒன்பதாம் நாள்.
குளிர் வந்திருக்கும்.
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது,
அதில் ஒரு மணிநேரம்கூடக் குறைக்கவேண்டாம்.
பன்னிரண்டாம் நாளைப்பற்றி
என்னிடம் கேட்காதேயும்.
அதற்குமேல் நான் யோசித்ததில்லை.
குருவியும் தேரியும்
உம்முடைய கணக்கோ, அவருடைய கணக்கோ,
என்னுடையது இல்லை.

முடிவு ஜெபத்துக்கு எல்லாரும் எழும்பினோம்.
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
அந்த வரி வந்தது.
இருமல் வரவில்லை.
சொல்லவும் வாய் வரவில்லை.
ரூத்தக்காள் பழக்கத்தில்
மிட்டாயை நீட்டிவிட்டாள்.
வேண்டாம் என்று சொல்லாமல்
வாங்கி, கைக்குள்ளேயே வைத்திருந்தேன்,
காகிதத்தோடு அது இளகுகிற வரைக்கும்.