பழுப்பு, கறுப்பு, கறுப்பு

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, இரவு பத்து நாற்பது.
பகல் முழுக்கக் குடித்த வெயிலை
மலை எங்கள் சுவர்மேல் கக்குகிற நேரம்.
வீணையில் ஒரு கமகம்
வளைந்து மேலேறிப் பாதியில் நிற்கும்போது
ஸ்பீக்கருக்குள் யாரோ பேசத் தொடங்குவார்.

பேச்சு என்றும் சொல்ல முடியாது.
மூக்கடைத்த வாத்து ஒன்று
வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.
சதை கழன்றுபோய்
சொல்லின் எலும்பு மட்டும் வரும்.
வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருகினேன்.
வீணை போயிற்று.
அவர் போகவில்லை.

மூன்றாம் மாடி முக்தார் பாஷா.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் சாயம் கலக்கிறவர்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து
படிக்கட்டுக் கூரை வரை ஒரு செம்புக் கம்பி,
அதற்கு ஒரு லைசென்ஸ்.
இரவானால் ஊர் பேர் தெரியாதவர்களை
அதன் வழியே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.
சண்டைக்குத்தான் படியேறினேன்.
"நம்ம கொரலா? உங்க பொட்டியிலயா?"
அவர் முகத்தில் வந்தது வெட்கமா பெருமையா,
இன்றுவரை பிடிபடவில்லை.

ஞாயிறு காலை டார்ச்சோடு இறங்கி வந்தவர்
ஸ்பீக்கர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.
கதவு நிலையைச் சுற்றி, பீரோவுக்குப் பின்னால்,
ஜன்னலோரமாய் நான் இழுத்திருந்த ஒயரையே
முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பார்த்தார்.
ஏழு மீட்டர்.
"பாட்டு வெளிய போற வழின்னு நெனச்சீங்க.
நான் உள்ள வர்ற வழியும் இதாங்க."

லாங் பஜாரில் நானே போய் வாங்கினேன்.
பழுப்பு, கறுப்பு, கறுப்பு: பத்து ஓம், இரண்டு.
முதுகில் நூற்று நான்கு என்று எழுதிய கெபாசிட்டர், இரண்டு.
கருவளையல் கனத்துப்போனது போல்
ஃபெரைட் வளையம், அதுவும் இரண்டு.
தொண்ணூற்றெட்டு ரூபாய்,
கரும்புச்சாறு சேர்க்காமல்.

ஈயம் உருக வேண்டுமென்று ஃபேனை நிறுத்தினோம்.
மே மாதத்து வேலூரில் ஃபேனை நிறுத்துவது
அலகு குத்திக்கொள்வதில் சேர்த்தி.
ரெசிஸ்டரின் ஒரு காலை
கெபாசிட்டரின் ஒரு காலோடு முறுக்கி
நான்தான் பற்றவைத்தேன்.
மிஞ்சிய கால் இரண்டும்
ஆம்ப்ளிஃபயரின் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே.
வீணைக்கு இது அடைத்த கதவு.
அவர் குரல் ஏறி வரும் அதிவேகத்துக்கு மட்டும்
திறந்த மதகு;
பெட்டிக்குள் நுழையுமுன் வழிந்து போய்விடும்.
"இன்னும் குட்டையா வெட்டுங்க" என்றார்.
"கால நீட்டி வுட்டா
அதுவே இன்னொரு காது."
வெட்டினேன்.
ஒயரை வளையத்துக்குள் எட்டுச் சுற்று சுற்றினார்,
தன் வாயைத் தானே கட்டுகிறவர் போலில்லை,
பொட்டலம் மடிக்கிறவர் போல, அக்கறையாக.

"மேல போய்ப் பேசறேன். வந்துச்சுன்னா போன் பண்ணுங்க."

பாட்டு எதுவும் போடாமல்
ஆம்ப்ளிஃபயரை மட்டும் உயிர்ப்பித்து
இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்தேன்.
பெங்களூர் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றியது.
எதிர்வீட்டில் குக்கர், நான்காவது விசில்.
பேசத் தொடங்கிவிட்டாரா,
மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு
தண்ணீர் குடிக்கிறாரா,
முடித்தே விட்டாரா.
மூன்று மாதமாய்த் திட்டிய குரலுக்கு
இவ்வளவு கவனமாய்க் காது கொடுத்தது
அன்றைக்குத்தான்.

சட்டை முதுகோடு ஒட்டிப்போய் இறங்கி வந்தார்.
"ஒண்ணும் வரலியே?"
"ஒரு எழுத்துகூட."
"நல்லா கேட்டீங்களா?"
"நல்லா."
தரையில் கிடந்த வெட்டுக் கால்களை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
டார்ச்சை மறந்துவிட்டு
ஆறேழு படி ஏறியிருப்பார்.

"அப்படி என்னதான் பேசுனீங்க?"

திரும்பாமலே சொன்னார்:
"வரலைன்னீங்களே."