பெல்ட்

எழுபத்து நாலுதான் என்பார் தஸ்தகீர்,
அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல்
டவுன் ஹால் ரோட்டு என் மாடிக் கடையில்
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.
ரயில்வே காலனி மார்வின் டிக்ரூஸ்
இன்ஸ்டிடியூட் ஹாலில் பாடிய ராத்திரி.
"தொண்டையா அது? கிணறுய்யா!
எழுபத்தெட்டுல வெறும் குடம்."

கோவர்த்தனனுக்கு எழுபத்தெட்டுதான் உயிர்.
கொடைக்கானல், மழை, தகரக் கூரை,
டிரம்ஸா தூறலா என்று பிரிக்க முடியாத
நாலு நிமிஷம்.
மூன்றாம் பாட்டில் டிக்ரூஸ் சுருதி நழுவுவான்.
"நழுவுறான்ல, அங்கதான் பாடவே ஆரம்பிக்கிறான்."
எந்த நிமிஷம், எந்த விநாடி என்று
சாயப்பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
குறித்தும் வைத்திருக்கிறார்.

சூசை மரியான் எழுபத்தாறு.
பாதிப் பாட்டில் கரண்ட் போய்
மைக் செத்து, கிடார் செத்து,
அவன் வெறுங்குரலில் பாடி முடித்தானாம்.
ரெக்கார்டரும் அதே கரண்டில் ஓடியது.
டேப்பில் ஒரு கிறீச்,
அடுத்த நொடி கைதட்டல்.
நடுவில் இல்லாமல் போனதற்குத்தான்
மரியான் ரசிகர்.
அவரை வாதத்தில் ஜெயிக்க
மதுரையில் ஆள் கிடையாது.

இத்தனைக்கும் மேல் ஒரு சண்டை உண்டு.
எழுபத்து நாலு, இரண்டாம் பக்கம்,
பாட்டு முடிந்து கை தட்டும் முன்னால்
ஒரு கட்டைக் குரல்:
ஒன்ஸ் மோர்!
உடனே டிக்ரூஸ் சிரிப்பான், திரும்பப் பாடுவான்.
அந்தக் குரல் தன்னுடையது என்பார் தஸ்தகீர்,
சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைப் போட்டுவிட்டு
உள்ளே ஓடி வந்தாராம்.
தூணோரம் நின்று கத்தியது தான்தான்
என்பார் கோவர்த்தனன்.
மரியான் தன் மச்சானையே சாட்சிக்குக் கூட்டி வந்தார்;
மச்சான் அது தன் குரல் என்றுவிட்டுப் போனார்.
நானும் வைத்திருந்தேன் மனசுக்குள்,
வெளியே சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்து
தெருவில் ஆள் இல்லாத ஒரு மதியம்
ஸ்பூல் டெக்கைத் திறந்தேன்.
உள்ளே ரப்பர் பெல்ட்
ஆறிப்போன இடியாப்பம்போல் தொய்ந்து கிடந்தது.
எத்தனை வருஷமாகவோ.
இவர்கள் வீட்டில் இருக்கிற அத்தனை காப்பியும்
இதில் எடுத்ததுதான்.
புது பெல்ட் அறுபது ரூபாய்.
மாட்டி ஓட்டினேன்.
கிடாரின் தடித்த கம்பி
ஒன்றரை ஸ்வரம் ஏறித் தன் இடத்தில் நின்றது.

மறைத்திருக்கலாம்.
ஞாயிற்றுக்கிழமை மூவரையும் உட்காரவைத்துப் போட்டேன்.

கிணற்றைக் காணோம்.
இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன்,
மெல்லிசான குரல்,
முதல் வரியில் கொஞ்சம் பயந்துபோய்
வார்த்தையை முழுங்குகிறான்.
தஸ்தகீர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.
எழுபத்தெட்டின் ஆள்கூடச் சிரிக்கவில்லை.

இரண்டாம் பக்கம்.
பாட்டு முடிந்தது.
ஒன்ஸ் மோர்!

ஒரு பெண்.

கீழே யாரோ ஷட்டரைப் பாதி இறக்கி
மறுபடி ஏற்றினார்கள்.
"ஹால்ல அன்னைக்குப் பொம்பளைங்க யாரு?" என்றார் மரியான்.
ரயில்வே ஆஸ்பத்திரி நர்சுகள் மூன்று பேர்,
முன்வரிசை, என்றார் கோவர்த்தனன்.
இல்லை, வாசலில் கேக் விற்றவள் என்றார் பிறகு.
பிறகு, தெரியாது என்றார்.
அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை
நான் கேட்டது அன்றுதான்.

"இன்னொரு தடவை போடு" என்றார் தஸ்தகீர்.

போட்டேன்.
இப்போதுதான் கவனித்தோம்:
டிக்ரூஸின் சிரிப்பும் மாறியிருந்தது.
பழையதில் பெரிய மனுஷச் சிரிப்பு, சரி போ என்பதுபோல்.
இதில் அவனுக்கு மூச்சு முட்டுகிறது,
முதல் நோட்டைத் தவறவிட்டு
மறுபடி பிடிக்கிறான்.

படியிறங்கும்போது தஸ்தகீர் மட்டும் நின்று
மெதுவாகக் கேட்டார்:
"அந்தப் பழைய பெல்ட்டைத் தூரப் போட்டுட்டியா?"

போடவில்லை.
மேசை டிராயரில், மின்கட்டண ரசீதுக்குள்.
விரலில் சுற்றினால்
மூன்று சுற்று வருகிறது.