எட்டாம் பிறவி

மைனஸ் முப்பத்தெட்டு. பள்ளிப் பேருந்து ஓடாது என்று
ஐந்தேகாலுக்கே செய்தி வந்துவிட்டது.
சஸ்காட்செவான் சமவெளியில்
இன்று எனக்கு வேலை இல்லை.
ஆகவே பிறக்கிறேன்.

முகவாயை நீட்டலாம், குறுக்கலாம்.
கண்ணுக்கு முப்பது நிறம்.
மூக்கை மட்டும் ஒவ்வொரு முறையும்
என் மூக்காகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்று தெரியாது.
ஏழு பிறவி ஆயிற்று.
மந்திரக்காரி, திருடி, பூனைமுகத்து வீரன்,
ஒருமுறை துறவி; அவள் முதல் நாளே
வெண்ணெய் திருடிச் சிறைக்குப் போனாள்.
இந்த முறை கோடரிக்காரி.
ஈவிரக்கம் பார்ப்பதில்லை என்று சபதம்.
அரை மணி நேரத்தில் ஆற்றங்கரையில் குனிந்து
நீலப்பூ பறித்துக்கொண்டிருக்கிறேன்.
ஜென்மப் புத்தி.

உலகம் அழியப்போகிறது, உடனே வா
என்கிறான் வடக்கு வாயிலில் தூதன்.
பதினோரு வருடமாக அழியப்போகிறது.
மலையுச்சியில் டிராகன் எனக்காகச்
சிறகு மடக்கிக் காத்திருக்கிறது, பாவம்,
அதற்கும் வேறு வேலை இல்லை.
எனக்கோ முட்டைக்கோசு விற்க வேண்டும்.
கொல்லனிடம் பழைய கடன் வசூலிக்க வேண்டும்.
விளக்கில்லாத ஒரு குகை,
அதற்குள் இன்னொரு குகை.

ஓரெஸ்ட் காபியோடு வந்து நிற்கிறான்.
"இன்னுமா முடிக்கவில்லை?"
இருபத்தாறு வருடம் தானிய எடைமேடையில் நின்றவன்.
லாரி வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
நடுவில் உள்ளதுதான் கோதுமை.
அவனிடம் என்ன சொல்ல?

இங்கே மலை இருக்கிறது, ஓரெஸ்ட்.
ஜன்னலைப் பார்.
நாய் ஓடிப்போனால் மூன்று நாள் கண்ணுக்குத் தெரியும் என்று
நாமே சொல்லிச் சிரிக்கிற தரை.
என் ரூட் அறுபத்தாறு கிலோமீட்டர், நான்கே திருப்பம்.
அங்கே கண்ணில் படுகிற எந்த மலைக்கும்
நடந்தே போகலாம்,
பாதையை விட்டுவிட்டு, நெட்டுக்குத்தாக.

நேற்றுவரை எனக்கும் தெரியாத ஒன்று:
தெற்கு அருவிக்குப் பின்னால் ஓர் அறை.
பதினோரு வருடம் அதன் முன்னால் குதிரையில் போனவள் நான்.
உள்ளே புதையல் இல்லை, பேய் இல்லை.
மேசை. இரண்டு நாற்காலி.
ஒரு கோப்பை நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து.
எங்கோ ஓர் அலுவலகத்தில், எல்லோரும் கிளம்பிய பிறகு,
ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே
யாரோ அந்தக் கோப்பையைக் கவிழ்த்திருக்கிறார்கள்.
உட்கார்ந்தேன்.
முதுகிலிருந்து கோடரியை இறக்கி வைக்கப்
பொத்தான் இல்லை.

பெரிய கதவுக்கு முன்னால் சேவ் செய்வேன்.
சிற்றரசனிடம் வாய் திறக்குமுன் சேவ் செய்வேன்.
போன பிறவியில் அவனைக் கோழை என்றேன், வாளை உருவினான்.
திரும்பி வந்து பணிந்து பேசினேன், குதிரை கொடுத்தான்.
மறுபடி வந்து ஒன்றுமே பேசாமல் நின்றேன்.
அதற்கும் ஒரு பதில் எழுதி வைத்திருந்தார்கள்.

அப்பாவின் நிலம் ஏலம் போன அன்று
டிராக்டர் பக்கத்தில் நின்ற என் தம்பி மெல்வினிடம்
ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.
சொல்வதற்கு முன்னால் சேவ் செய்யவில்லை.
ஒன்பது வருடம்.
யார்க்டனில்தான் இருக்கிறான், நாற்பது நிமிடத் தூரம்.

"பஸ்ஸுக்கு ஹீட்டர் ஒயரை மாட்டினாயா?"
உள்ளிருந்து ஓரெஸ்ட்.
மாட்டிவிட்டேன்.
நாளைக்குக் கிளம்ப வேண்டுமே.

இந்த முறை குதிரைக்குப் பெயர் வைக்கலாம் என்று
ஒரு கட்டம் கேட்கிறது.
மெல்வின் என்று அடிக்கிறேன்.
பழுப்பு நிறம், மந்தப் பார்வை,
முழங்கால்வரை சேறு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து
சீட்டி அடித்துப் பார்க்கிறேன்.
வருகிறது.
இன்னும் தள்ளிப் போய் அடிக்கிறேன்.