தனியார் சேகரிப்பு

பழைய கண்காட்சிகளின் பட்டியல் கேட்டு
பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து கடிதம்.
பதிவேடுகள் மூன்று. இரண்டைக் கரையான் பார்த்துவிட்டது.

2014: நீர்வண்ணம், பதினெட்டுச் சட்டகங்கள், திருப்பி அனுப்பப்பட்டன.
2016: சுடுமண். காது உடைந்த குதிரை ஒன்று
இன்னும் என் மேஜைக்கடியில்;
செய்தவர் வீடு மாறிவிட்டார்.
2017: 'கடல்'.

அந்த வருஷம்
காலாப்பட்டு தேசிங்கிடம் ஒரு வலை இரவல் வாங்கினோம்.
"தடைக்காலம்தானே, சும்மா கெடக்கு."
கூரைக் கொக்கியில் தொங்கவிட்டு விளக்கு போட்டார்கள்.
எல்லோரும் நிழலைத்தான் படம் எடுத்தார்கள்.
அட்டையை நான் தட்டச்சு செய்தேன்:
நைலான், ஈயக்குண்டு, மிதவை. தனியார் சேகரிப்பு.

அமைச்சர் வருகிறார் என்று
கண்காட்சியை ஒரு வாரம் நீட்டித்தார்கள்.
கடலை யாரும் நீட்டிக்கவில்லை.
ஜூன் பதினைந்து, நான் பூட்டைத் திறக்கும் முன்பே
மகனோடும் டாட்டா ஏஸோடும் வாசலில் தேசிங்கு.

ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
தரையில் விரித்துத் தடவிப் பார்த்தார்.
"ரெண்டு கண்ணு அறுந்துருக்கு."
திட்டவில்லை.
படியில் உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி,
முடிச்சுப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அமைச்சர் வரவில்லை, வேறெங்கோ திறப்பு விழா.
அட்டையை எடுக்க மறந்துபோனோம்.
மதியம் இரண்டு மாணவிகள்
வெறும் சுவரின் முன் நின்று
ஈயக்குண்டு வரைக்கும் குறிப்பெடுத்தார்கள்.

'திரும்பியபோது நிலை' என்றொரு கட்டம் உண்டு.
எதற்கும் 'நன்று' என்றே எழுதுகிறவன்
அங்கே மட்டும் எழுதியிருக்கிறேன்:
பழுது நீக்கப்பட்டது, உரிமையாளரால்.

காட்சிப்பொருள்கள் எத்தனை என்று கேட்கிறார்கள்.
இருபத்திரண்டு என்று போட்டேன்,
கொக்கியை எண்ணாமல்.