அசையுதா

முப்பது பாகைச் சரிவில்
குத்துகோல் மண்ணுக்குள் போகும்.
அம்பகாமக் காட்டில் அதுதான் என் வேலை.
முழங்காலில் நின்று
காணாததைக் கையால் வாசிப்பது.

வேரென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
பிறகு பிடிக்கும்.
கல்லென்றால் மணிக்கட்டுவரை ஒரு கூச்சம் ஏறும்.
மீன்ரின் மூடி வழுக்கும்.
மற்றது
ஒன்றுமே சொல்லாது.
அந்தச் சொல்லாமையைப்
பதினொரு வருசம் படித்திருக்கிறேன்.
தவக்குமாரி பகிடி விடுவாள்:
"உன்ர கைக்குத்தானடி சம்பளம், உனக்கில்லை."

பங்குனி முதற்கிழமை, கிணற்றடி.
சவர்க்காரம் வழுக்கிய இடத்தில்
இடது அக்குளுக்குக் கீழே
விரல் நின்றது.
பழக்கம் அப்படி.
மனம் அறிய முதலே கை நின்றுவிடும்.

மாத்தளனில் ஏறிய பீஸ்
தோளில் மூன்று கிடக்கிறது.
பீஸ் ஊரும் என்று எல்லாரும் சொல்லுவினம்.
நாகேசு அண்ணைக்கு முதுகில் பட்டது
ஏழு வருசம் கழித்துத் தொடையில் முளைத்ததாம்.
கதைதான். அவரின் தொடையை ஆர் பார்த்தது?
என்றாலும், இது ஊர்ந்து வந்த இரும்பு
என்றது சுட்டுவிரல்.
நடுவிரல் வாய் திறக்கவில்லை.

காலையில் புளியங்கொட்டை.
பின்னேரம் வெறும் தசை.
மழை பெய்த அன்று இல்லவே இல்லை.
அடுத்த நாள்
முந்தினதைவிடப் பெரிது,
அல்லது என் பயம் பெரிது.
இரண்டுக்கும் ஒரே விரல்தான்
சாட்சி சொல்ல வேணும்.

மிதுசா பள்ளிக்கூடத்தில் ஒரு வித்தை பழகி வந்தாள்.
நடுவிரலைச் சுட்டுவிரலுக்கு மேலால் பின்னி
இடுக்கில் ஒரு குன்றிமணியை உருட்ட வேணும்.
"கண்ணை மூடுங்கோ அம்மா. எத்தினை?"
இரண்டு.
திறந்தேன், ஒன்று.
மூடினேன், இரண்டு.
தெரிந்த பிறகும் இரண்டு.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
இந்த விரல்களை நம்பியா
மூன்று கிராமத்துச் சனம் குடியேறினது?

அன்றிரவு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
விரலைப் பின்னி அங்கேயும் பார்த்தேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை கிளினிக்.
டொக்டருக்கு என் கடைசித் தங்கச்சியின் வயதிருக்கும்.
கை குளிர்ந்திருந்தது.
மூன்று விரலைத் தட்டையாகச் சேர்த்து
ஓரத்திலிருந்து உள்ளுக்கு வந்தாள்,
ஓர் இடம் விடவில்லை,
அவசரப்படவில்லை.
நல்ல தொழில்காரி என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
"அசையுது" என்றாள், தனக்குத்தானே.
என் மூச்சு நின்றது.
எங்கள் காட்டில் கோல் நுனியில் ஏதும் அசைந்தால்
கையை அப்படியே வைத்துக்கொண்டு
விசில் ஊத வேணும்.
"அசைஞ்சா நல்லதம்மா" என்றாள்.
பிறகு, கையுறையைக் கழற்றியபடி,
"அநேகமா."

அந்த அநேகமாவை மடியில் வைத்துக்கொண்டு
மாங்குளம்வரை பஸ்ஸில் வந்தேன்.
உடம்பில் இரும்பிருப்பதால்
ஒரு மெசினுக்குள் போக ஏலாதாம்.
மற்ற மெசினுக்கு யாழ்ப்பாணம் போக வேணும்.
திகதி வைகாசி நாலு.
அதுவரைக்கும் காட்டில் வேலை இருக்கிறது.
கோலைப் பிடிக்கிறேன்.
வேர் வேராகத்தான் வருகிறது, கல் கல்லாக.
ஆனால் ஒவ்வொன்றையும் இப்போது
இரண்டு தரம் கேட்கிறேன்.

இரவு நித்திரையில் மிதுசா உருண்டு வந்து
என் இடது கையில் ஏறி
சரியாக அந்த இடத்தில் தலையை வைக்கிறாள்.
அவளுக்கு அது மெத்தென்றுதான் இருக்கிறது போல.
எழுப்ப மனமில்லை.
விடியப்புறம் அவள் விலகினாள்.
விறைத்துப்போன இடது கையை
வலது கையால் தேடித் தொட்டேன்.
சூடாக, பாரமாக,
யாரோ ஒருத்தியின் கை.