எட்டு டஜன் நாலு

நூல் குடோனுக்கு மேலே இரண்டாம் மாடி.
பிலாட்டிஸ் என்று போர்டு.
ஏதோ புதுத் துணி ரகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பாய் விரிக்கிறோம், ஏழு பேர்,
ஆம்பளை நான் ஒருவன்.
போட்டிருப்பது ரிஜெக்ட் ஆன டிராக் பேண்ட்,
இடது கால் அரை இஞ்ச் குட்டை.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்ணா,
படுத்துட்டு மூச்ச மட்டும் விடுங்க"
என்றாள் கோகிலவாணி.
மூச்சு விட மாசம் ஆயிரத்து ஐநூறா?
அதை வீட்டிலேயே விடமாட்டேனா?

விடத் தெரியவில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.
கையை விலாவில் வைத்துப் பார்த்தேன்,
துருப்பிடித்த ஷட்டர், அசையவில்லை.
"முதுகுக்குள்ள விடுங்க."
அங்கே எப்படி விடுவது?
இருபத்திரண்டு வருசமாய்
வலியல்லவா அங்கே குடியிருக்கிறது,
அட்வான்சும் தராமல், வாடகையும் தராமல்.

பிறகு நூறு.
தலை தூக்கி, கால் தூக்கி,
கைகள் காற்றைத் தட்டத் தட்ட எண்ண வேண்டும்.
சாயப்பட்டறை சுலோசனாக்கா
நாற்பதிலேயே முருகனைக் கூப்பிட்டுவிட்டார்.
நான் பழக்கதோசத்தில் டஜனாக எண்ணினேன்,
எட்டு டஜன், நாலு பீஸ்.
"நாலு பீஸ் எக்ஸ்ட்ராங்களா மாஸ்டர்?"
சிரித்த சிரிப்பில்
அடிவயிற்றிலும் எனக்கொரு தசை இருப்பது தெரிந்தது.

நின்றபடி முதுகை
ஒவ்வொரு கணுவாய் இறக்கச் சொல்வாள்.
இஞ்ச் டேப்பைச் சுருட்டுகிற மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன்.
இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் டேப் சிக்கும்.
சிக்கின இடத்தில் நிற்பேன்.
இழுக்க மாட்டேன்.

போன செவ்வாய், ராத்திரி ஷிப்மென்ட்.
மேசையில் நூற்றிருபது அடுக்கு.
கத்தி மிஷினைக் கைக்குழி வளைவில் திருப்பும்போது
கவனித்தேன்:
மூச்சு நின்றிருந்தது.
தோள் காதுக்கு ஏறியிருந்தது.
பல்லோடு பல் பூட்டியிருந்தது.
ஒவ்வொரு வளைவுக்கும் இதையேதான் செய்திருக்கிறேன்,
கல்யாணத்துக்கு முந்தின மாசத்திலிருந்து.
எத்தனை லட்சம் வளைவு!
ஜெர்மனியில் எவனோ போட்டிருக்கும் சட்டையின் கைக்குழியில்
என்னுடைய பாதி மூச்சு மாட்டியிருக்கும்.

விட்டேன்.
கத்தி விலகவில்லை.
ஹெல்ப்பர் பூபதி பதறி நிமிர்ந்தான்,
"பெருமூச்சு விடறீங்க, அளவு போச்சுங்களா?"
"போகலடா. அடுத்த லேயை விரி."

ஸ்கேனில் தட்டு இன்னும் பிதுங்கித்தான் இருக்கிறதாம்.
டாக்டர் படத்தைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
மறுபடி படத்தை.
நான் வாசலில் குனிந்து
செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நொய்யல் பாலம், ஸ்பீட் பிரேக்கர்.
வழக்கம்போலப் பல்லைக் கடித்தேன்.
தாண்டி நாலு முழம் போனபிறகுதான் ஞாபகம் வந்தது.
ஆற்றில் சாயத்தண்ணி நாற்றம்.
அதனாலென்ன,
விலா விரிய இழுத்தேன்.