தகட்டில் இருந்த சொல்

போர் முடிந்து ஒன்பதாம் நாள்.
க்ரோனிங்கனுக்கு வடக்கே ஒரு மாட்டுக் கொட்டகை.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்:
அன்று எங்களைச் சுட யாருமில்லை.

ஆம்ப்ரோஸ் லாஃபோர்னேஸ் முடி வெட்டிக்கொண்டிருந்தான்.
கவிழ்த்த பால் கேன்மேல் ஸ்காப்தி,
கழுத்தைச் சுற்றி ஜெர்மன் கூடாரத் துணி.
ஷெல்ட் ஆற்றில் பூட்ஸ் முதல் எல்லாவற்றையும் விட்டபோதும்
அந்தக் கத்தரிக்கோலை மட்டும்
பல்லில் கவ்விக்கொண்டு கரையேறியவன் ஆம்ப்ரோஸ்.
தலைக்கு இரண்டு சிகரெட்.
எனக்குக் கடன்.
அது பதினொன்றாகியிருந்தது, ஒரு தடவை பாதிதான் கொடுத்தேன்.

கதவோரம் மெட்ரோ ஹ்னாத்யுக்.
ரயிலின் பெயரல்ல,
த்மித்ரோவை எங்கள் சஸ்காச்சுவானில் அப்படித்தான் கூப்பிடுவோம்.
அவன் மடியில் லூகர்.
சரணடைந்த அதிகாரி ஒருவரிடம் நான் வாங்கியது.
வாங்கியது என்றால் பிடுங்கியது.

ரைஃபிள் நீளமானது.
அது எங்கே பார்க்கிறதென்று மாடுகளுக்கும் தெரியும்.
திருப்ப வேண்டுமானால் உடம்பே திரும்ப வேண்டும்.
கைத்துப்பாக்கி அப்படியில்லை.
யாரோ கூப்பிட, என்ன என்று நீ திரும்பினால்
மணிக்கட்டோடு அதுவும் திரும்பி
என்ன என்று கேட்கும்.
எங்கள் பிளட்டூனில் அது எதிரி ஒருவனையும் சுட்டதில்லை.
லெப்டினன்டின் தொடையைச் சுட்டது.
சமையல்காரனின் இரண்டு விரல்களை.
ஒரு நல்ல குதிரையை.

மேகசினை உருவியவன் நான்.
உருவிப் பையில் போட்டுக்கொண்டு
காலி என்றேன்.
நார்மண்டியிலிருந்து என் சொல்லைக் கேட்டுப்
படுத்தவன், எழுந்தவன், ஓடியவன் மெட்ரோ.
இதை மட்டும் ஏன் சந்தேகிக்கப்போகிறான்?

காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடு, என்றான் ஸ்காப்தி.
உன் காதையே எடுக்கச் சொல், என்று
சிரித்தபடி திரும்பினான் மெட்ரோ.

ஆம்ப்ரோஸ் கத்தரிக்கோலைக் கீழே போடவில்லை.
மெதுவாக மூடினான்.
அப்புறம்தான் உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவன் கொர்னீலியஸ் டேவ்ஸ்.
மெனனைட் பிள்ளை,
ஆயுதம் தொடேன் என்று சத்தியம் செய்தவன்.
அன்று தொட்டான்.
மேலிருந்த சின்னத் தகட்டை நகத்தால் நிமிர்த்தி
பக்கவாட்டில் பொறித்ததைப் படித்தான்:
கெலாடன்.
உள்ளே தோட்டா இருந்தால் இது எழும்பி நிற்கும்.
உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.
அவர்கள் தேவாலயத்தில் ஜெபிக்கும் மொழி அது.
வேறெதுவும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

விசாரணையில் மேஜர் கேட்டார்: சோதித்தது யார்?
வாய் திறக்க எனக்கு நேரமில்லை என்று
பல வருடம் சொல்லிக்கொண்டேன்.
நேரமிருந்தது.
மேஜரின் பேனாவில் மை தீர்ந்து
அவர் வேறு பேனா தேடினார்.
அவ்வளவு நேரம்.
நான்தான், என்றான் மெட்ரோ.

பாதி வெட்டிய தலையோடு அடக்கத்தில் நின்றான் ஸ்காப்தி.
கப்பல் ஏறும்வரை மீதியை
யாரையும் தொடவிடவில்லை.
ஆம்ப்ரோஸின் தாய்க்குப் போன கடிதத்தில்
கடமையின்போது என்றிருந்தது.

மெட்ரோ கனோராவில் கோதுமை போட்டான்.
என் வீட்டிலிருந்து நாற்பது மைல்.
நவம்பர்தோறும் ஒரே மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம்,
ஒரே காப்பி,
மழை, விலை, அவன் முழங்கால்.
பேரனின் தண்ணீர்த் துப்பாக்கியை
இவர் அடுப்பில் போட்டுவிட்டார் என்று
ஒருமுறை அவன் மனைவி சொல்லிச் சிரித்தாள்.
அவன் காப்பியைக் கலக்கினான்.
நானும் கலக்கினேன்,
சர்க்கரையே போடாத காப்பியை.

போன வாரம் அவனைப் புதைத்தோம்.
இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள் பிள்ளைகள்.
கோதுமையைப் பற்றிப் பேசினேன்.
நல்ல மகசூல், நேர்மையான எடை.
மூத்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு
நன்றி என்றான்.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையம்.
வண்டியின் பின்னாலிருந்த கேனைக் காட்டி,
இது காலியா, என்று கேட்டாள் அந்தப் பெண்.
தெரியாது, நீயே பார்த்துக்கொள், என்றேன்.
ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.
மூடியைத் திற, என்றேன்.
இன்னொரு தடவை பார்.